கூறைப்புடவைக்குப் போட்ட கஞ்சி

எனக்கு நாய் என்றால் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, வாயில்லா ஜீவனைக் கண்டால் ஆகாதவன் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸ்டேஷன் ரைட்டர் மிக்கேல்ராஜ் ஆறு வெள்ளைத்தாள் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து, "தங்கமுத்தண்ணே, ஒண்ணு விடாம நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் எங்கள் எதிர்வீட்டு ஆவுடையப்பன் சாரின் மகள் சௌந்தர்யாவுடைய கல்யாணம், தாலி கட்டப்போகிற நேரத்தில் நின்றுபோகப் பார்த்ததே, அதற்கு நான்தான் காரணம். நூலுக்குச் சாயம் போட்ட ஒச்சப்பனைக் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம். அவனுக்கு இந்த வேலைக்கெல்லாம் பொறுமை பத்தாது. நான் பாடுபட்டுச் செய்ததை அவன் செய்தான் என்று ஊரெல்லாம் பேசுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது.

சின்னாளப்பட்டியில் தறி போடுகிறவன் நான். எங்கள் தெருவில் விடிந்ததும், தறியில் ஏற்றப்போகிற நூலைப் பாவாக நீட்டுவோம். தெருவுக்கு இந்த முனையில் ஒரு மூங்கில்கால், அந்த முனையில் ஒரு மூங்கில்கால். நடுவில் ஆயிரக்கணக்கான இழை, இடுப்பு உயரத்துக்கு. அதற்கு அரிசிக்கஞ்சி தெளித்து, ரெண்டு பேர் பெரிய பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் நடந்து நடந்து நீவிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். செருப்புப் போடக் கூடாது. கண் முழுக்க இழையில்தான் இருக்கும். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பாவு தேய்த்தவன் எங்கள் ஊரிலேயே கிடையாது.

ஆவுடையப்பன் சார் அரசாங்க உத்தியோகத்தில் ரிட்டயர் ஆகி, மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். சீசர் என்று ஒரு நாய். வெள்ளைவெளேர் என்று புசுபுசுவென்று, பார்த்தால் தூக்கி வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும். காலை ஐந்தரைக்கு அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறப்பார். அது நேராக வந்து, நாங்கள் பாவு நீட்டுகிற இடம் பார்த்து உட்காரும். அது எழுந்ததும் இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போய்விடுவார். அந்த நேரத்தில் வானத்தில் என்னதான் இருக்குமோ, தெரியாது.

மூன்று தடவை நான் தன்மையாகவே சொன்னேன். ஒரு தடவை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தடவை, தெரு பஞ்சாயத்துக்குச் சொந்தம், போய் அங்கே சொல் என்றார். மூன்றாவது தடவை நெசவாளர் சங்கத்துப் பிரசிடெண்டையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ரெண்டு பேருக்கும் காபி கொடுத்து, நாய் வளர்ப்பு பற்றி முக்கால் மணி நேரம் பேசி அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் நான் வழுக்கி விழுந்தேன். சும்மா விழவில்லை. கையில் பிரஷ்ஷோடு, கஞ்சி ஈரத்தோடு இருந்த பாவு மேலேயே குப்புற விழுந்தேன். இழை படபடவென்று அறுந்து, நான் வலையில் மாட்டின விரால் மாதிரி கிடந்தேன். தூக்கிவிட வந்த பக்கத்துவீட்டு ராக்கம்மாள் என் முழங்காலைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். தெருவே சிரித்தது. என் பெண்சாதி சுந்தரம்மாளும் சிரித்தாள். கேட்டில் நின்ற ஆவுடையப்பன் சார் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார்.

"கீழ பாத்து நடக்கப்படாதாப்பா? இம்புட்டு வயசாகியும் நடக்கத் தெரியலையே."

எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. கோபத்தில் செய்ததாகத் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டாம்.

மறுநாளே அவர் என் வீட்டுப்படி ஏறி வந்தார். விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறதாம், வைகாசியில் முகூர்த்தம், மாப்பிள்ளை நெய்க்காரப்பட்டிப் பக்கம் தோட்டக்காரர்கள். பெண்ணுக்குக் கூறைப்புடவை, மாப்பிள்ளையின் அக்கா தங்கைகளுக்கு அதே மாதிரி ஐந்து, ஆறையும் ஒரே பாவில் நான்தான் நெய்து தர வேண்டும் என்றார். என் கைநெசவுக்கு ஈடு இல்லை என்றும் சொன்னார். அது உண்மைதான்.

கூட வந்திருந்த சௌந்தர்யா நல்ல பிள்ளை. வாய் நிறைய மாமா என்று கூப்பிடும். அதுதான் விவரம் சொன்னது.

"அவுக வழக்கத்துல பட்டு கெடையாதாம் மாமா. நூல்சேலைதானாம். அதையும் மஞ்சத்தண்ணில முக்கிப் பிழிஞ்சு, ஈரத்தோடயே கட்டிக்கிட்டு மணவறையில உக்காரணுமாம்."

அப்படியா தாயி, ரொம்ப நல்ல வழக்கம் என்றேன். அப்போதுதான் எனக்கு மனசு லேசானது.

அடுத்த நாளிலிருந்து ஒரு மண்டலம், நாற்பது நாள், விரதம் மாதிரி இருந்தேன். காலையில் எழுந்து குளிப்பதற்கு முன்னால், தெருவில் சீசர் வைத்துவிட்டுப் போனதைப் பூவரச இலையில் அள்ளிக்கொண்டு போய் மொட்டைமாடியில் முறத்தில் பரப்பிவிடுவேன். அந்தப்பக்கம் சுந்தரம்மாள் கொத்தவரை வற்றல் காயப்போட்டிருப்பாள், இந்தப்பக்கம் நான். என்னவென்று கேட்டாள். ரோஜாச் செடிக்கு உரம் என்றேன். எங்கள் வீட்டில் ரோஜாச் செடி கிடையாது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பங்குனி வெயிலுக்கு எல்லாம் சருகாகிவிடும். இடித்து, பழைய வேட்டியில் மூன்று தரம் சலித்தேன். மஞ்சள்தூளைவிட நைஸாக வந்தது. வெட்டிவேரையும் பொடித்துப் போட்டுக் கஞ்சியில் கலந்து, நெய்து முடித்த சேலைகளுக்கு ஊர் தூங்கின பிறகு மொட்டைமாடியில் வைத்துத் தடவினேன். காய்ந்த பிறகு முகர்ந்து பார்த்தால் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணந்தது. ஈரம் பட்டால்தான் உள்ளே இருப்பது எழுந்திருக்கும். சாண் துண்டு ஒன்றை நனைத்துப் பார்த்தேன். சுந்தரம்மாள் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று பஞ்சாயத்து ஆபீசுக்கே கிளம்பிவிட்டாள்.

நெசவில் நான் குறை வைக்கவில்லை. அரக்குச் சிவப்பு உடல், மாம்பழ மஞ்சள் கரை. கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆவுடையப்பன் சார் மடிப்பைப் பிரித்து முகத்தோடு வைத்து மோந்து, "அடடா" என்றார். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் சுந்தரம்மாளுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். நான் மூக்குப்பொடியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொண்டேன். பெண்ணை அழைத்து வந்தார்கள். பின்னாலேயே நாத்தனார்கள் ஐந்து பேர், அதே சேலையில், மஞ்சள்தண்ணீர் சொட்டச் சொட்ட. வைகாசிப் புழுக்கம் வேறு. நாயனக்காரர்தான் முதலில் வாசிப்பை நிறுத்தினார். அப்புறம் மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கித் தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று வித்தியாசம் இல்லை. ஆவுடையப்பன் சார் ரெண்டு காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கீழே பார்த்தார் ஐயா. எனக்கு வயிறு குலுங்கியது. துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

அதற்குள் வாசலில் கட்டியிருந்த சீசர் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து மணவறையில் ஏறி, ஆறு சேலையையும் ஒவ்வொன்றாக மோந்து, வாலை ஆட்டு ஆட்டு என்று ஆட்டியது. அந்த மண்டபத்தில் முழு சந்தோஷத்தோடு இருந்தது நானும் அதுவும்தான்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். சகுனம் சரியில்லை, தாலி இன்றைக்கு வேண்டாம், வண்டியைக் கட்டச் சொல்லுங்கள் என்றார். அவருடைய ஆட்கள் பாதிப் பேர் வாசலுக்கே போய்விட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆவுடையப்பன் சார் சம்பந்தி கையைப் பிடித்துக் கெஞ்சிய கெஞ்சு பார்க்கச் சகிக்கவில்லை. நான் பார்த்தேன். சௌந்தர்யா அழவில்லை. நனைந்த முந்தானையை எடுத்து ஒரு தடவை மோந்து பார்த்தது. நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தது. கண்ணை எடுக்கவே இல்லை. ஒன்றும் ஆகாது தாயி என்கிற மாதிரி நான் தலையை ஆட்டினேன்.

நல்லவேளையாக மாப்பிள்ளை அருண்பாண்டி தங்கமான பையன். எழுந்து நின்று தன் அம்மாவிடம் சொன்னான்.

"ஏனுங்கம்மா, பொழுதன்னைக்கும் மாட்டுக்கொட்டாய்ல நிக்கிறவங்க நாம. நாத்தத்துக்குப் பயந்தா பண்ணயம் பண்றோம்? வந்து உக்காருங்க. இந்தப் புள்ளைக்குத்தான் தாலி கட்டுவேன்."

கட்டிவிட்டான். பாதிப் பேர் கைக்குட்டைக்குள் இருந்தே அட்சதை போட்டார்கள். பந்தியில் மட்டும் ஆள் குறைவு. வடை மிஞ்சிப்போய், எனக்கு மூன்றாவது வைத்தார்கள். கூட்டிக்கழித்துப் பார்த்தால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஆவுடையப்பன் சார் இப்போது தினமும் ஒரு முறத்தோடும் விளக்குமாற்றோடும் சீசருக்குப் பின்னால் போகிறார், யார் செய்வினை வைத்தது என்று யோசித்துக்கொண்டே.

இவ்வளவும் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் படித்தார். நடுவில் ரெண்டு இடத்தில் சிரித்தும்விட்டார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கல்யாண மண்டபத்தில் அந்தப் பெண் ஏன் என்னைத் தேடிப் பார்த்தது என்று. அதையும் எழுதச் சொல்கிறார். மறைக்க என்ன இருக்கிறது.

நாற்பதில் பத்தாவது நாள் நான் இலையோடு தெருவுக்கு வந்தால், எனக்கு முன்னாலேயே சௌந்தர்யா ஒரு தகரத்தோடும் சாம்பலோடும் குனிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிமிர்ந்தது.

"நீங்க அன்னைக்கு விழுந்ததுலருந்து மனசே சரியில்ல மாமா. அப்பா திருந்த மாட்டாரு. கல்யாணமாகிப் போறவரைக்கும் நானே அள்ளிப்புடுறேன், நீங்க பயப்படாமப் பாவு தேயுங்க."

நல்லாயிரு தாயி என்று வாழ்த்தினேன். சொன்ன சொல் தவறாத பிள்ளை. அன்றிலிருந்து தெரு கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குத்தான் சிரமமாகிவிட்டது. மண்டலம் என்று ஆரம்பித்ததைப் பாதியில் விடவும் மனசு வரவில்லை. மீதி நாட்களுக்கெல்லாம் ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, சந்தைப்பேட்டை, ஒன்றும் தேறாத நாட்களில் காந்திகிராமம் வரைக்கும் நடந்து போய் அள்ளிக்கொண்டு வந்தேன். நியாயமாகப் பார்த்தால், அந்தச் சேலையில் சீசருடையது கால்பங்குகூட இருக்காது. தெருவைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா.