குவைத்திலிருந்து ஒரு வாழ்த்து

புத்தாண்டு நாளில் எதிர்ப்படுவோர் "ஹேப்பி நியூ இயர் சார்" என்றால், "புத்தாண்டு வாழ்த்துகள்" என்று பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். பணியில் இருந்த காலமாயின் அவர்களை நிறுத்தித் திருத்தியிருப்பேன். ஓய்வு பெற்றபின் மனிதன் சிலவற்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆய்வாளர் அம்மா, உங்கள் காவலர் எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாக்குமூலத்தின் ஒற்றுப்பிழைகளையும் நான் பெரிதுபடுத்தவில்லை. பொருள் பிழைபட்டுவிடக் கூடாது என்பது மட்டுமே என் வேண்டுகோள். ஆகவே, நீங்கள் கேட்பதற்கு முன்னரே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் பாக்கியநாதன். கடம்பத்தூர்ப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்தேன். என் தகப்பனார் பிறர் வயலில் நாற்றுக்கட்டுச் சுமந்தவர். என்னோடு வளர்ந்தவர்கள் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறினார்கள். எங்கள் தெருவில் சட்டைக் காலரில் கரி படாமல் சம்பளம் வாங்கியவன் நான் ஒருவனே. சபையில் நான் எழுந்து நின்றால் ஏன் பேச்சு அடங்குகிறது என்பதை விளக்கவே இதைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் நாள் ஆராதனை முடிந்ததும், ஒவ்வொரு குடும்பமாக முன்னே வந்து நிற்கும். தம் வீட்டில் அவ்வாண்டு நடந்த நன்மைகளைக் குடும்பத் தலைவர் எல்லாருக்கும் சொல்வார். அதனைச் சாட்சி என்கிறோம். அதில் இன்னொரு வகையும் உண்டு. வரவிருக்கும் நன்மையை வந்துவிட்டதாகவே விசுவாசத்தில் அறிக்கையிடுவது. காய்ச்சல் தணியாதவர் தணிந்தது என்று சொல்ல, மறுவாரம் அது தணிந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஈராண்டுக்கு முந்தைய புத்தாண்டில் எனக்கு முன்னதாகச் சாட்சி சொன்னவர் பக்கத்து வீட்டு அப்பாவு. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக்கூலி. "எம்பொண்ணு மெர்சிக்குக் கவர்மென்ட் ஆஸ்பத்திரில வேல கெடச்சிருச்சி. மாஸ்டர் பொண்ணும் நர்சுதான் படிச்சிக்குது. பாவம், அதுக்கும் ஆண்டவர் ஒரு வழி காட்டட்டும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆயினும் 'பாவம்' என்ற அச்சொல் சபையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது.

அடுத்து நான் எழுந்தேன். என் மகள் ஜெனிபர் குவைத்து நாட்டின் பெரிய மருத்துவமனையொன்றில் பணியேற்றுவிட்டாள் என்றேன். சபை கை தட்டியது. அப்போது அவள் சென்னை விடுதியில் விசாவுக்காகக் காத்திருந்தாள். என் மனைவி சாராள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கசங்கிவிடும் என்று கையை விலக்கினேன்.

மாசி மாதம் ஒரு மாலை, மின்ரயிலில் வந்து இறங்கிப் பையோடு வாசலில் நின்றாள் ஜெனிபர்.

"அப்பா, ஏஜென்ட்டு ஆபீசப் பூட்டிக்கினு ஓடிட்டாம்ப்பா. விசாவே டூப்ளிகேட்டாம். பரவால்ல, இங்கயே எதுனா ஆஸ்பத்திரில சேந்துக்குறேன்."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "வழியில் உன்னை யாராவது பார்த்தார்களா?"

"இல்லப்பா. இன்னாத்துக்குக் கேக்குற?"

அவள் பொய்யாக்க வந்தது என் ஒருவனின் பேச்சை மட்டுமன்று. ஆலயத்தில் சொன்ன சாட்சியை. வேறு முகவர், வேறு விசா, சில வாரங்கள். அதுவரை மாடி அறையில் இரு என்றேன். முதலில் அவளும் இசைந்தாள். பிறகு ஒரு காலை பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அன்றுதான் பூட்டு வாங்கினேன். விடுதித் தோழியர் கவலைப்படாதிருக்க, அவள் குவைத்து போய்ச் சேர்ந்துவிட்டதாக அவளுடைய கைபேசியிலிருந்தே தெரிவித்தேன். பிறகு அந்தக் கைபேசியை நான் வைத்துக்கொண்டேன்.

அறையில் குறையொன்றும் இல்லை. மின்விசிறி உண்டு, குளியலறை உண்டு. சன்னலுக்குப் பலகை அடித்தபோது, காற்றுக்காக மேலே ஒரு சாண் விட்டுத்தான் அடித்தேன். சாராள் வேளை தவறாமல் உணவு கொண்டுபோனாள். கதவைத் திறப்பதும் பூட்டுவதும் நான். தொடக்கத்தில் ஜெனிபர் நாள்தோறும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். வகுப்பில் மாணவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்தினால் பாடம் புரிந்துவிட்டது என்றுதான் கொள்வோம்.

ஒருமுறை பல் வேரில் சீழ் வைத்து அவள் கன்னம் வீங்கியது. செவிலியும் நோயாளியும் ஒரே அறையில் இருந்தது வசதியாயிற்று. அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். நான் திருவள்ளூர் சென்று வாங்கிவந்தேன். உள்ளூர்க் கடையில் யாருக்கு என்று கேட்பார்கள்.

மழைக்காலத்தில் அவளுடைய பெரியம்மா ஞானம்மா காலமானார். ஜெனிபரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எங்கள் தெருக்கோடியில்தான் வீடு. ஒப்பாரி மாடிக்குக் கேட்டிருக்கிறது.

"பெரிம்மாவாப்பா? மொகத்த மட்டும் பாத்துட்டு வந்துர்றேம்ப்பா. முக்காடு போட்டுக்குறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று கதவுக்குப் பின்னால் அழுதாள்.

முக்காடு போட்டவளை யாரென்று கேட்காமல் விடுவார்களா? மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று துக்க வீட்டின் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தேன். அது மாடிக்கும் கேட்டிருக்கும். தான் வராததன் காரணத்தை அவளும் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

நீங்கள் அவளை மட்டுமே கைதி என்கிறீர்கள். சாட்சி என்பது ஆண்டுக்காண்டு வளர்ந்தாக வேண்டிய ஒன்று. சென்ற ஆண்டுப் புத்தாண்டுச் சாட்சியில் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். இனி மாப்பிள்ளை கேட்டு வருவார்களே என்று ஆடி மாதம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தமையால் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக்கூட ஓர் இரவு தங்க முடிந்ததில்லை. இதை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இந்தப் புத்தாண்டுக்கென்று சபைக்குப் பெரிய திரை வாங்கினார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் புத்தாண்டுச் செய்திகளைக் காணொளியாகப் போடலாம் என்று போதகர் விரும்பினார். அவள் பேச வேண்டியதை நான் எழுதிக் கொடுத்தேன். ஜெனிபர் பேச மறுத்தாள். பல நாள் மறுத்தாள். கிறிஸ்துமசுக்கு முந்தைய மாலை, பொழுது சாயுமுன் அவளே கதவைத் தட்டினாள்.

"அப்பா, இப்பவே எடுத்துடலாம்ப்பா. வெளிச்சம் நல்லாக்குது."

மனம் திரும்பினாள் என்று மகிழ்ந்தேன். வெள்ளைச் சுவருக்கு முன் செவிலியர் சீருடையோடு நிறுத்தினேன். நல்ல நினைவாற்றல் உள்ள பெண், அன்றைக்கு வரிகளை மறந்து மறந்து நின்றாள். பாதியில் நிறுத்துவதை நான் பொறுப்பதில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். மறுபடியும் மறந்தாள். மறுபடியும் முதலிலிருந்து. கடைசியாக ஒரு பிழையும் இல்லாமல் சொல்லி முடித்தாள். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் செவி அவள் சொற்களை விட்டு அசையவில்லை.

அன்று மாலை எங்கள் சபையின் கீதபவனி தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் மேளம் அடித்துப் பாடிக்கொண்டு வீடுவீடாக வருவார்கள். கேரல் என்பார்கள். ஆண்டுதோறும் அதே நாள், அதே வேளை, அதே தெரு. ஜெனிபரும் சிறுவயதில் அதில் பாடியவள்தான்.

புத்தாண்டுக் காலை திரையில் என் மகள் தோன்றினாள். "குவைத்திலிருந்து உங்கள் ஜெனிபர் பேசுகிறேன்" என்றாள். எவ்வளவு திருத்தமான உச்சரிப்பு. அவள் குரலுக்குப் பின்னால் மெல்ல ஒரு மேளம் கேட்டது. சபையின் புதிய ஒலிபெருக்கிகள் எதையும் விட்டுவைப்பதில்லை. மேளம் நெருங்கியது. பாட்டு நின்றது. மேளக்காரன் ஸ்டீவனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்பாவு ஊடு முடிஞ்சிச்சி, அடுத்து மாஸ்டர் ஊடு. எல்லாம் ஒழுங்கா பாடுங்கடா. மாஸ்டர் கேக்கு குடுக்க மாட்டாரு, மார்க்குதான் குடுப்பாரு."

சபை சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தது.

"அது எங்கொரலு" என்றான் ஸ்டீவன்.

அப்பாவு எழுந்தார். "இன்னா மாஸ்டர், குவைத்துல நம்ம மேளம் அடிக்குது?"

தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் சாராள் எழுந்து நின்றாள். எங்கள் திருமணத்துக்குப் பின் அவள் சபையில் வாய் திறந்தது அதுவே முதல்முறை.

"குவைத்து இல்ல. எங்க ஊட்டு மாடி ரூமு. போய்த் தொறங்க."

போய் உடைத்தார்கள். கேட்டிருந்தால் சாவி கொடுத்திருப்பேன். புதிய பூட்டு. ஜெனிபருக்கு வெளிச்சம் கூசியது. சாராள் சேலைத் தலைப்பால் அவள் கண்ணை மூடினாள். கால் படியில் நிற்காமல் நழுவியதால் ஸ்டீவன் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"மேளம் நீதான் அடிச்சியா? நல்லா கேட்டுச்சி. போன வருஷம் பலகைக்கு உள்ளேந்து கத்தனேன். உங்க மேளத்துல கேக்கவேல்ல. அதான் இந்தத் தபா உங்களையே பேச வுட்டேன்" என்றாள் அவனிடம்.

அவன் அழுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை. வெளிச்சம் கூசியதால்தான்.

எழுதிக்கொள்ளுங்கள். பெற்ற மகளை மாடி அறையில் அடைத்துவைத்தவன் நானே. பூட்டியதும், பலகை அடித்ததும், சாவு வீட்டுக்கு விடாததும் நானே. சாராளுக்கு இதில் பங்கில்லை, அஞ்சினாள், அவ்வளவுதான். இதில் ஓர் எழுத்தையும் நான் மறுக்கப்போவதில்லை. கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறேன்.

மருத்துவமனையில் அவளைச் சந்தித்தால் ஒரு செய்தி மட்டும் சொல்லிவிடுங்கள். அடுத்த புத்தாண்டுக்குரிய சாட்சியை இப்போதே மனத்தில் அமைத்துவிட்டேன். 'என் மகள் குவைத்திலிருந்து சுகமாக வீடு திரும்பினாள்.' குடும்பமாக முன்னே நிற்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் அவள் வெளியே வந்தால் போதும்.