எல்லை தவறினால் ஏற்காத எங்கள் கறார் அக்காவுக்கு

பிழை கண்டால் பொங்கும் பெருந்தகையே! பசப்பறியாப் பொறியாளரே! முடியாததை முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் எங்கள் கறார் அக்காவே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த மடலை இனிப்பாக எழுதுங்கள் என்றார் மேலாளர். எங்களுக்கும் ஆசைதான். வயிறு எரிகிறதே, என்ன செய்ய?

கணினியின் நினைவகத்திலிருந்து வட்டுக்கு, இடையில் எங்கும் தேங்காமல் நேரடியாகத் தரவை எழுதும் நிரலைப் பெற்று வளர்த்தவர் நீங்கள். தரவை ஏந்திய நினைவகப் பகுதி, வட்டு கேட்கும் எல்லையில் பிசகாமல் தொடங்க வேண்டும். பிசகினால் இயங்குதளம் ஏற்காது. புதியவர்கள் விழித்தால், "லாரி மேடையோட ஒட்டி நிக்கணும்டா. அரையடி தள்ளி நின்னா மூட்டை எங்க விழும்? உன் கால்லதான்!" என்பீர்கள். சுமைதூக்கியின் மகளான உங்களுக்கு உவமை தேட வேண்டியதில்லை.

நம் நிரலைப் பயன்படுத்தும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வாங்கிய புது வட்டு, பெரிய எல்லை கேட்டது. நம் நிரலை இயங்குதளம் திருப்பி அனுப்பியது.

"ரெண்டு நாள் குடுங்க சார், எல்லையைச் சரி பண்ணிடறேன்" என்றீர்கள்.

"நேரா எழுதுறதையே நிறுத்திடுங்கம்மா. மெமரில கொஞ்சம் தங்கி, சுத்திப் போகட்டும். எரர் வராதுல்ல?" என்றார் மேலாளர்.

"எரர் வராது சார். கரண்ட் போனா டேட்டாவும் வராது!"

உங்களைத் தாண்டி அவரே மாற்றி அனுப்பினார். மின்சாரம் போனது. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று பொய் சொன்ன முடிவுகள், வட்டைத் தொடாமலே நினைவகத்தோடு மாண்டன. நோயாளிகள் மறுபடியும் ஊசிக்குக் கை நீட்டினார்கள். விசாரணையோ, "மூத்த பொறியாளரின் கவனக்குறைவு" என்று முடிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அவருக்குப் பதவி உயர்வு, உங்களுக்குக் 'கவனமில்லாதவர்' என்ற பட்டப்பெயர்.

அந்தப் பேச்சு நடந்த அறையில் நாங்களும் இருந்தோம். விசாரித்தவர்கள் எங்களைக் கேட்கவில்லை. கேட்காமலே இன்று சபையறியச் சொல்கிறோம்: கவனக்குறைவு உங்களுடையது அன்று!

முட்டிவலி நீங்கி, முன்கோபம் மட்டும் நீங்காமல், நலமோடு நெடுநாள் வாழுங்கள் அக்கா! சண்டைக்கு ஆள் வேண்டுமானால் ஒரு குரல் கொடுங்கள். வேலையைப் போட்டுவிட்டு வருவோம்.

மேற்சொன்னவை உண்மை என்று எங்கள் பிரிவில் ஒருவர் விடாமல் கையெழுத்திட்டிருக்கிறோம். அடியில் ஓரிடம் மட்டும் காலி. முன்வரிசையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, பேனா மேசைமேல் இருக்கிறது.

இங்ஙனம்,
பயந்தது போதும் என்றிருக்கும்
சேமிப்புப் பிரிவு ஊழியர்கள்