காப்பு மந்திரத்துக்கு ஒரு வரம்பு

மத்தியானத் தூக்கம் எனக்குப் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆட்டத்தைத் தொடங்கியதே அதனால்தான்.

எண்பத்து மூன்றில் என் சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய புத்தகமும் பகடையும் வைத்து ஆடுவது. ஆளுக்கொரு வீரன்; பூதம், கோட்டை, சண்டை எல்லாம் வாயால் சொல்லும் கதையில்தான், அடி படுமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துபவன் நான். ஆடியவர்கள் இரண்டே பேர்: மல்லசமுத்திரம் தபால்காரர் மருதாசலம், கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைக்கும் என் தொழிலில் திரி பற்றவைக்கிற வெள்ளியங்கிரி.

வெள்ளியங்கிரியின் வீரனுக்கு ஒரு காப்பு மந்திரம் கொடுத்தேன். சொன்னால் எந்த அடியும் படாது. ஒவ்வொரு சண்டையிலும் அதைச் சொல்லிக்கொண்டே புகுந்து சிரித்தபடி வெளியே வருவான். மருதாசலத்தின் வீரன் மூன்று முறை செத்துப்போனான்.

"அவனுக்குச் சாவே இல்லீன்னா நானெதுக்குங்க ஆடோணும்?" என்று கேட்டார் மருதாசலம்.

நியாயமான கேள்வி. மந்திரம் நாளுக்கு ஒரு முறைதான் பலிக்கும் என்று விதியை மாற்றினேன்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கறது நாயமுங்களா? எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க, உடுங்க" என்றான் வெள்ளியங்கிரி. விதியை ஏற்கவேயில்லை. மருதாசலம் எழுந்து போனவர் பிறகு வரவில்லை. ஆட்டம் நின்றது.

அதன்பிறகுதான் கிணற்றில் அவனைக் கவனித்தேன். திரியைப் பற்றவைத்துவிட்டு அவசரமே இல்லாமல் கயிறேறுவான். பாதியில் நின்று மேலே இருப்பவர்களோடு பேசுவான். நான் வெட்டிக் கொடுக்கும் ஆறடித் திரி எரிந்து முடிய நேரமாகும் என்பதுதான் அந்தத் தைரியம். அதுவும் நான் கொடுத்த காப்புதானே. அதற்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று பட்டது. கோபமெல்லாம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பாறையில் துளை போடும் கம்ப்ரசர் வண்டியின் பலகையில் பகடையை உருட்டினேன். எத்தனை விழுகிறதோ அத்தனை அடித் திரி. இரண்டு விழுந்தது.

"ஏனுங்க, திரி குட்டையா இருக்குதுங்களே?"

"இது புதுத் திரி. மெதுவாத்தான் எரியும். போ சாமி."

நம்பி இறங்கிப் பற்றவைத்தான். பாதிக் கயிற்றில் இருந்தபோது வெடித்தது. மேலே பார்த்தபடி ஏறிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மட்டும் வேகமாகத்தான் ஏறினான்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எத்தனை அடி என்பதை நான் முடிவு செய்யவில்லை, பகடைதான் சொன்னது. அதற்கு முன் விழுந்த ஐந்தையும் நான்கையும் கணக்கில் சேர்க்க முடியாது. வண்டி ஆடிக்கொண்டிருந்தது.