ஒற்றை இறால்

சின்னசேலத்தில் ஏறிய பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் சின்ன கேரிபேக்.

"ஒரே ஒரு இறால் குடுங்கன்னேன், கடைக்காரன் சிரிக்கிறான்க்கா."

"ஒண்ணுல இன்னாடி கொழம்பு வெப்ப?"

"கொழம்புக்கு இல்ல, அழுகவைக்க. எங்க வூட்டுக்காரரு கடல் மீன் வளக்கணும்னு கண்ணாடித் தொட்டி வாங்கியாந்து உப்புத் தண்ணி கலக்கினாரு. மீனு வுடறதுக்கு முன்னாடி ஒரு இறால் அதுல அழுவணுமாம். அப்பத்தான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாயி, மீனோட அழுக்கத் தின்னு தண்ணிய சரி பண்ணுமாம்."

"சரி, அதுக்கு?"

"இருவது நாளு நாத்தம் தாங்கினேன். போன வெள்ளிக்கிழமை வூடு கழுவறப்ப தொட்டியையும் கழுவிட்டேன். அடியில கெடந்த கல்லையெல்லாம் வெந்நீர்ல தேச்சேன். உண்டான பூச்சியெல்லாம் போச்சு."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா தேவலயே. பளபளன்னு இருந்த தொட்டி முன்னாடி குந்திக்கினு, சாப்பிடக்கூட வரல."

பெரியவள் கேரிபேக்கைத் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கும் வெள்ளிக்கிழமையாச்சே?"

"வூட்டக் கழுவுவேன்க்கா. தொட்டிகிட்ட மட்டும் ரெண்டு ஊதுவத்தி ஜாஸ்தியா ஏத்திட்டு வந்துடுவேன்."