கணக்கில் வராத நாட்கள்

"ஏன்டி கௌரி, மஞ்சச் சுடிதார் போடாத அன்னைக்கும் கரண்டு போகுதுல்ல, அதெல்லாம் உன் கணக்குல வராதா?" என்று சந்தனமேரியக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள். நான் மஞ்சள் சுடிதார் போட்டு வரும் நாளெல்லாம் கரண்டு போய்விடுகிறது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மழைக்காலத்தில் எங்கள் மலையூரான சக்குபள்ளத்தில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும். அக்கா சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள். அதை அப்போதே கவனித்து வைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் முதலாளியின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்தோம். பறித்து வந்த பச்சைக் காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, உலர் அறைக்குள் அடுக்குவது அவள் வேலை. வெளியே நின்று அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. அடுப்பின் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போகும். காயைக் கிளற உள்ளே போகிறவர்கள் உடனே வெளியே வந்துவிட வேண்டும். இழுக்கிற மூச்சே சுடும். பத்தாம் வகுப்பில் படிப்பை விட்டதிலிருந்து எனக்கு அந்த அடுப்புதான் துணை. எனக்கு யாரிடமும் பேச வராது. பேச வராதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் உண்டு.

ஐப்பசியில், உலர்ந்த காய் ஒரு சாக்கு காணாமல் போனது. முதலாளி சத்தம் போடவில்லை. "சாவி உங்க ரெண்டு பேருகிட்டதான் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள யாருன்னு தெரியலைன்னா ரெண்டு பேரு வீட்டுக்கும் போலீசு வரும்" என்றார். போலீஸ் வந்தால் அப்பா என்னை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நான் எடுக்கவில்லை. மிச்சம் ஒருத்திதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. நியாயமாகத்தான் பார்த்தேன். மறுநாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். பயந்திருக்கிறாள் என்று புரிந்தது. அதற்கு மறுநாள் சிரித்துக்கொண்டு வந்தாள். நடிக்கவும் தெரிகிறது. அவள் காலில் புதுச் செருப்பு இருந்தது. பிறகு பழைய செருப்பில் வந்தாள், நான் பார்த்துவிட்டேன் என்று புதியதை ஒளித்திருக்கிறாள். "பயப்படாத புள்ள, நாம எடுக்கல, நமக்கென்ன" என்று என் தோளில் கை வைத்தாள். 'நாம' என்று என்னையும் எதற்குச் சேர்த்துக்கொண்டாள்?

வெள்ளிக்கிழமை முதலாளி கட்டப்பனைக்குப் போயிருந்தார். நான் மறதியாக மஞ்சள் சுடிதாரில் வந்திருந்தேன். அன்று கரண்டு போகவே இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அக்கா காயைக் கிளற உள்ளே போனதும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. உண்மையைச் சொன்னால் திறந்துவிடலாம் என்றிருந்தேன்.

முதலில் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. "ஏய், வெளையாடாதடி. ஒடம்பு காந்துது, தொற." நான் சாக்கைப் பற்றிக் கேட்டேன். கதவு நடுவில் இருந்ததால் எனக்குப் பேச்சு நன்றாக வந்தது. "எம்புள்ளைக மேல சத்தியமா நான் எடுக்கலடி" என்றாள். எடுக்காதவள் எதற்குப் பிள்ளைகளை இழுக்க வேண்டும்? கொஞ்ச நேரம் கதவைத் தட்டினாள். பிறகு, "சரிடி, நான்தான் எடுத்தேன். தொற தாயி" என்றாள். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. எடுத்தவள்தானே இடத்தை மறைப்பாள்.

அப்போது என் போன் அடித்தது. முதலாளி. "கௌரி, சாக்கு கெடச்சிருச்சு. என் ஜீப்புல தார்ப்பாய்க்கு அடியிலயே கெடந்துருக்கு. நான்தான் ஏத்திட்டு மறந்துட்டேன். மேரிகிட்டயும் சொல்லிரு." சரிங்க முதலாளி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இந்த இடத்தை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். திறந்தால், அந்த நிமிஷத்திலிருந்து நான் ஒரு பாவமும் அறியாதவளை அடைத்துவைத்தவள் ஆகிவிடுவேன். திறக்காதவரை உள்ளே இருப்பது திருடி. முதலாளி இரக்கப்பட்டு ஒரு கதை சொல்லியிருக்கலாம். ஜீப்பில் கிடந்தது வேறு சாக்காக இருக்கலாம். அது இதுதான் என்று நான் பார்த்தேனா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது என் கையில் விறகு இருந்தது. அடுப்பு தணிந்திருந்தது. சூடு குறைந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். விறகை உள்ளே தள்ளினேன். பிறகு இன்னொன்றும் தள்ளினேன். போன் வந்த பிறகுதான். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் மேட்டில் நின்று ஹாரன் அடித்தபோது தாழ்ப்பாளை நீக்கினேன். அவள் கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வாயை வைத்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் தண்ணீரை நீட்டி, "சாக்கு கெடச்சிருச்சுக்கா" என்றேன். அவள் தண்ணீரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

தப்பு செய்யாதவள் என்றால் ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருக்க மாட்டாளா? சந்தனமேரியக்கா ஒன்றுமே கேட்காமல் மேட்டில் ஏறி, ஜீப்பில் உட்கார்ந்து போய்விட்டாள்.