உள்ள போற தண்ணி

உதயராஜ்: மெதுவாப் பேசு நந்தினி, பிள்ளை முழிச்சிருவான்.

சிவநந்தினி: மெதுவாத்தான் பேசுறேன். தொட்டில ஆட்டிக்கிட்டேதானே இருக்கேன்... என்ன, இன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சா?

உதயராஜ்: ம்... நீ ஒண்ணு செய். பிள்ளையத் தூக்கிக்கிட்டு பலாபத்வலைக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போயிரு. இப்பவே. கடைசி பஸ்ஸப் புடிச்சிரலாம்.

சிவநந்தினி: யாரு பேசுறது? அம்மா வீடுன்னு சொன்னாலே மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவீங்களே!

உதயராஜ்: கிண்டல் பண்ணாத... அவங்களுக்கும் பேரனப் பாக்கணும்னு இருக்கும்ல.

சிவநந்தினி: போன ஞாயித்துக்கிழமைதான் வந்து பாத்துட்டுப் போனாங்க.

உதயராஜ்: அதுக்கென்ன... ஐயோ, வீடே ஆடுது! புடி, தொட்டிலப் புடி!

சிவநந்தினி: நின்னுருச்சு, நின்னுருச்சு. தட்டுதான் விழுந்துச்சு. விடுங்க, தொட்டிலத் தொடாதீங்க... இப்பத்தான் கண்ணசந்தான்.

உதயராஜ்: லொறி ஏதாவது போயிருக்கும்.

சிவநந்தினி: எந்த லொறி? ரோட்டுல ஒண்ணையும் காணோமே.

உதயராஜ்: அப்ப கல்லு ஒடைக்கிற எடத்துல வெடி போட்டிருப்பாங்க.

சிவநந்தினி: சத்தமே இல்லாம வெடிக்குதாக்கும்... என்னங்க, பிள்ளை துணியெல்லாம் ஏன் பையில அடைக்கிறீங்க?

உதயராஜ்: பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஆமா, லயத்துல ஒரு வீட்டுலயும் பிள்ளைங்க சத்தத்தையே காணோம்?

சிவநந்தினி: எங்கயாச்சும் வெளையாடப் போயிருக்கும். பேச்ச மாத்தாதீங்க. அந்தச் செவுத்தப் பாருங்க. நேத்து நூல் மாதிரி இருந்த வெடிப்பு, இன்னைக்கு வெரலு நொழையுது. நீங்க கம்பெனி பவுசர் வண்டியில தண்ணி ஏத்திக்கிட்டுப் போனாத்தான் இப்படி ஆடுது. அது ஏன்?

உதயராஜ்: வெடிப்புல சாக்க அடைச்சு வைக்கிறேன், விடு.

சிவநந்தினி: கம்பெனிக்காரங்க போர் கெணறு போட வந்தப்ப, குடிக்கத் தண்ணி வரப்போகுதுன்னு லயமே கூடித் தேங்கா ஒடச்சோம். சூடம் கொளுத்துனதே நான்தான். தண்ணி எடுக்குற எடத்துக்கு எதுக்குங்க தண்ணி கொண்டுபோறீங்க?

உதயராஜ்: அது... எடுக்க இல்ல நந்தினி. உள்ள விடுறாங்க. ரொம்ப ஆழத்துல, கல்லுக்குள்ள அடுப்பெரிக்கிற கேஸ் இருக்காம். தண்ணிய அழுத்தி விட்டுக் கல்லப் பொளக்குறாங்க. அதான் பூமி ஆடுது.

சிவநந்தினி: எப்பருந்து தெரியும்?

உதயராஜ்: மொதல்லருந்தே. வெளிய வாயத் தொறந்தா வேலை இல்லன்னு கம்பெனி பெரிய மஹத்தயா சொல்லிட்டாரு...

சிவநந்தினி: சொல்லி முடிங்க.

உதயராஜ்: நாளைக்கு இதவிடப் பெருசா விடப்போறாங்க. இந்தச் செவுரு தாங்காது. பிள்ளையக் குடு, நான் தூக்கிக்கிறேன். கெளம்பு.

சிவநந்தினி: பக்கத்துக் காம்பரா வீட்டுல அழகாயி அக்காவுக்கு ரெட்டப் பிள்ளைங்க. அவங்களுக்கும் பலாபத்வலையில அம்மா வீடு இருக்கா?

உதயராஜ்: நான் என்ன செய்ய... எல்லாருக்கும் சொன்னா, யாரு சொன்னான்னு தேடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு நந்தினி. மொதல்ல நம்ம பிள்ளையக் குடு!

சிவநந்தினி: தொட்டில்ல கெடக்குறது தலகாணிங்க.

உதயராஜ்: என்னது... பிள்ளை எங்க? ஏய், பிள்ளை எங்கடி?

சிவநந்தினி: ரத்தோட்டைக் கோயில் மண்டபத்துல, அழகாயி அக்காகிட்ட. லயத்துப் பிள்ளைங்க எல்லாரும் அங்கதான். உங்க கம்பெனியில சமைக்கிற நோனா அக்கா காலையிலயே ஓடிவந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் அதே கம்பெனி வேலைதான், அது போயிரும்னு அதே பயந்தான்... நீங்களும் சொல்லுவீங்களான்னு பாக்கத்தான், வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டு இருந்தேன்.