கிழியாத ரசீதுக்காகச் சந்துக்குள் நுழைந்த மரியராஜ் அவர்களுக்கு

இந்த வளைகுடா நகரின் வாடகை உரிமச் சோதனைப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி, அறுபதாம் அகவையில் ஓய்வு பெறும் எங்கள் மூத்த ஆய்வாளருக்குப் பணித்தோழர்கள் படைக்கும் மடல்.

கதவு தட்டுவதையே கடமையாய்க் கொண்டும், கதவுக்குப் பின்னே கலங்கி நின்றவர்க்குக் காவலாய் நின்ற கனிவாளரே! படியேறிப் படியேறி முட்டி தேய்ந்தும் முகம் கோணாத முன்னவரே! சட்டத்தின் சொல்லையும் தளர்த்தாமல், சாமானியரின் கூரையையும் தகர்க்காமல் நடுவே நடந்து காட்டிய நல்லவரே! வணக்கம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவது உங்கள் வழக்கம். அதனால் கொஞ்ச நேரத்துக்கு 'நீங்கள்' இல்லை, 'அவர்'தான். யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை நண்பகல். ஒரே குடும்பத்துக்கு உரிமம் பெற்ற வீட்டில் பலகைத் தடுப்பு வைத்து முப்பத்தொரு பேரைக் குடிவைத்திருப்பதாகப் புகார். மரியராஜ் அவர்களும் ஓட்டுநர் முகம்மது சித்தீக்கும் போனார்கள். கையிலிருந்த உத்தரவு கறாரானது. குடியிருப்போரில் ஒருவரிடமாவது வாடகை ரசீது இருந்தால், குற்றம் உள்வாடகைக்கு விட்டவர் மேல். வேறு இடம் தேட எல்லாருக்கும் முப்பது நாள் கிடைக்கும். ஒருவரிடமும் இல்லையென்றால் அத்துமீறிப் புகுந்தவர்கள் என்று கணக்கு. இரண்டு மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், அன்றே வெளியேற வேண்டும். துண்டிக்க வந்த ஆள் ஏணியோடு வாசலில் தயாராக நின்றார்.

உள்ளே போனால் ஒருவரிடமும் ரசீது இல்லை. 'செக்கிங்' என்று யாரோ கத்தியதுமே, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதத்தைக் கிழித்து வீசியிருந்தார்கள். முந்தைய ஆண்டு இதேபோல் இன்னொரு வீட்டில் ரசீது கிடைக்காமல் பதினெட்டுப் பேர் பெட்டி படுக்கையோடு நடைபாதைக்கு வந்ததை நின்று பார்த்தவர் மரியராஜ். உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் அவரே. அதன்பின் இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இது பாராட்டு மடல் ஆகாது, பொய் மடல் ஆகிவிடும்.

கடைசித் தடுப்புக்குள் அஜிஷா என்ற செவிலி, பிறந்து பத்தே நாளான குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். கணவர் ஷைஜு புஜைராவில் டியூட்டியில். வெளியே வெயில் நாற்பத்தேழு டிகிரி. எதைக் கேட்டாலும் "மாஃபி சார்", அதாவது இல்லை சார், என்ற ஒரே பதில். மணி ஒன்று நாற்பது.

மரியராஜ் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் கடற்கரைப் பேச்சுக்கு மாறினார். "பேப்பரக் கிழிச்சிட்டியா மக்களே? அது குத்தத்துக்குச் சாட்சி இல்ல. நீ இங்க இருந்ததுக்குச் சாட்சி."

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அஜிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "கிழிக்கல்ல அண்ணாச்சி. பாத்ரூம் ஜன்னலு வழியா கீழ போட்டுட்டேன்."

அங்கே இரண்டு சுவர்களுக்கு நடுவே, பக்கவாட்டில் மட்டுமே நுழையக்கூடிய ஒரு சந்து. ஏசி இயந்திரங்கள் அனலைத் தள்ளும் இடம். காலடியில் புறா எச்சமும் சேறும். சித்தீக் தான் போவதாகச் சொன்னார். எந்தக் காகிதம் செல்லும் என்பது எனக்குத்தான் தெரியும் என்று அவரை ஓரங்கட்டிவிட்டு, பரோட்டாவால் வளர்த்த தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு மரியராஜ் நுழைந்தார். கிழிந்த துண்டுகள் செல்லா. அத்தனைக்கும் நடுவே முழுசாக ஒன்றைத் தேட வேண்டும். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. சித்தீக் நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்தாவது முறை ஒரு கை ரசீதோடு வெளியே நீண்டது. மை கரைந்திருந்தாலும் தேதியும் முத்திரையும் அழியாமல் இருந்தன.

வண்டி ஏசியில் ரசீதை உலர்த்திப் படம் அனுப்பினார்கள். அலுவலகத்தில் நஜீஹா பதிவு எண் போட்டபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு. "கலாஸ்", முடிந்தது என்று ஏணியை மடக்கினார் மின்சாரம் துண்டிக்க வந்தவர். முப்பத்தொரு பேருக்கும் முப்பது நாள் கிடைத்தது. உள்வாடகைக்கு விட்டவரின் உரிமம் போயிற்று. மரியராஜின் சட்டையும் போயிற்று.

இனி 'நீங்கள்' என்றே பேசுகிறோம். இந்த மாதத்தோடு உங்கள் விசா ரத்தாகிறது. எத்தனையோ பேருக்கு நாள் வாங்கிக் கொடுத்த உங்களுக்கே இந்த ஊரில் இனி எண்ணிக் கொடுத்த நாட்கள்தான். அஜ்மானில் நீங்கள் தங்கியிருக்கும் அறையின் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் அடையாள அட்டையைத் திருப்பி வாங்க வேண்டியவர் நஜீஹா. அதை நினைத்து நேற்று மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். எங்களுக்கும் தாங்கவில்லை.

யாரும் காலி செய்யச் சொல்லாத சொந்தக் கூரையின் கீழ், முட்டி வலியும் மூச்சிரைப்பும் தீண்டாமல், நூறாண்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும்.

சென்ற முறை கொடுத்த பாராட்டுச் சான்றிதழில் பரோட்டா மடித்தவர் நீங்கள். ஆகவே இதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். தேதியும் முத்திரையும் சரியாக இருக்கின்றன. முதல் கையெழுத்து அஜிஷாவுடையது, பக்கத்திலுள்ள கிறுக்கல் அவர் மகளுடையது.

இந்தப் பேப்பரைக் கிழித்துவிடாதீர்கள் அண்ணாச்சி. நீங்கள் இங்கே இருந்ததற்கு இதுதான் சாட்சி.

நஜீஹா, முகம்மது சித்தீக், அன்பரசன் மற்றும்
வாடகை உரிமச் சோதனைப் பிரிவுப் பணியாளர்கள்